விடுதலை பட்டாணி மேய்ந்த விவரம்

என் பெயர் புர்பு வாங்டு. தகப்பனார் பெயர் ஜம்பா, காலமாகிவிட்டார். வயது அறுபது, எங்கள் திபெத்தியக் கணக்குப்படி அறுபத்தொன்று, எழுதுகிறவருக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளலாம். டகார் ஊரில், ஆற்றங்கரை மாவு மில்லுக்கு எதிர்வீட்டில், மனைவி, மகள், மருமகனோடு குடியிருந்து வருகிறேன். பதினான்கு வருடம் ஊராட்சித் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். 1971 முதல் கட்சி உறுப்பினர். எழுதப் படிக்கத் தெரியும். இந்த வாக்குமூலத்தை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கிறேன். தேநீர் கொடுத்தார்கள், எங்கள் ஊரில் போடும் வெண்ணெய் போடாத தேநீர், அதையும் குடித்துவிட்டேன்.

இந்த வழக்கில் கைதாகி ஐந்து நாளாக உள்ளே இருக்கும் தோக்மே என்பவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் ஊர்க் குதிரைப் பந்தயத்தில் மைக் பிடித்து வர்ணனை செய்கிறவர் அவர்தான். மேற்படி பந்தயத்தில் ஓடிய என் குதிரையின் பெயர் விடுதலை. வர்ணனை என்ற சாக்கில் தோக்மே நாட்டைப் பிளக்கும் பேச்சுப் பேசினார் என்பது புகார். கெட்ட எண்ணத்தோடுதான் பேசினார் என்று குதிரைக்குச் சொந்தக்காரனான நான் கையெழுத்துப் போட்டால் அவர் சிறைக்குப் போவார் என்று அதிகாரி எனக்கு விளக்கினார். விளங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

எனக்கும் தோக்மேக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு. கட்சி ஆட்சி வந்து பண்ணைகள் ஒழிந்த 1959ஆம் வருடத்தை நான் விடுதலை வந்த வருடம் என்பேன், அவர் காலம் கவிழ்ந்த வருடம் என்பார். மலைமேல் இருந்த மடத்தில் துறவியாக இருந்த அவருடைய அண்ணனை அந்த வருடம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அதன் பிறகு சில வருடம் கழித்து அந்த மடத்தை இடித்தபோது உத்திரங்களைச் சுமந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். ஓர் உத்திரம் இன்னும் என் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது. தோக்மே என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் கொட்டிலுக்குள் போய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாடெல்லாம் நல்லாத் தூங்குதா தலைவரே?" என்று கேட்பார். எனக்கு நெஞ்சில் முள் ஏறும். ஆனாலும் பார்லி மதுவை ஊற்றுவேன், அவரும் குடிப்பார். குளிர்காலம் முழுக்க இப்படித்தான்.

ஒருநாள் நான், "எங்கப்பா முதுகை நீ பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டே" என்றேன். அவர், "பார்த்தேன்டா. நானும் இதே ஊர்க்காரன்தானே? அந்த முதுகுக்கும் எங்கண்ணனுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். நான் அவர் கோப்பையில் மறுபடி மதுவை ஊற்றினேன். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளவும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு பகல் பதினோரு மணியளவில் தோக்மே பெயர்ப் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தார். "தலைவரே, குதிரையை வேற பேர்ல சேர்த்துடு. கருவால்னு போடு, இல்ல உன் பேரையே போடு. தோத்துச்சுன்னா மைக்ல நான் என்னன்னு சொல்றது?" என்றார். நான் கோபமடைந்து, "என் குதிரை தோக்காது. நீ உன் வாயைப் பார்த்துக்கோ" என்றேன். அதற்கு அவர், "என் வாய் நடக்கறதைத்தான் சொல்லும். மத்ததை உன் குதிரை பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆகவே அந்தப் பெயரோடு அந்தக் குதிரை களத்தில் இறங்கியதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

சம்பவ தினத்தன்று மொத்தம் இருபத்து மூன்று குதிரைகள். 1959இன் நாற்பதாம் ஆண்டு விழா பேனர் கட்டிய கூடாரத்தில் வட்ட அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தோக்மே லாரியின் மேல் நின்றிருந்தார். பாப்ளார் மரங்களில் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. நாலாயிரம் பேர் இருக்கும். என் குதிரையின் மேல் என் மருமகன் லுண்டுப். அதன் பிறகு வெடி வெடித்தது. ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லும்படி அதிகாரி சொன்னார். குதிரை வளர்த்தவனிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வெடிச் சத்தத்தில் இருபத்து மூன்றும் ஒரே குதிரை மாதிரி பாய்ந்தன, புழுதியில் ஒன்றும் தெரியவில்லை, அதன் பிறகு புழுதியைக் கிழித்துக்கொண்டு என் குதிரையின் வெள்ளை நெற்றி முதலில் வெளியே வந்தது, நான் மாவு மூட்டை மேல் ஏறி நின்று தொப்பியைக் கழற்றிச் சுழற்றினேன், அதன் பிறகு வில்லோ தோப்பைச் சுற்றும்போது ஐந்து குதிரை நீளம் முன்னால், லுண்டுப் அதன் பிடரியோடு ஒட்டிக்கிடந்தான், காலடியில் தரை அதிர்ந்தது, என் தொண்டை கிழிந்துவிட்டது. ஸ்பீக்கரில் தோக்மே, "விடுதலை முன்னால வருது! விடுதலை பறக்குது! விடுதலையை யாராலும் நிறுத்த முடியாது!" என்று கத்தினார். கூடாரத்தில் இருந்த அதிகாரிகள் அனைவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வார்த்தைகளையும் தோக்மேதான் சொன்னார், அதே மைக்கில்தான் சொன்னார். இதைப் பற்றிப் புகார் ஏதும் இல்லை என்பதை அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அதன் பிறகு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பட்டாணி வயல்கள். காய் பிடித்திருக்கும் பருவம். என் குதிரைக்குப் பட்டாணி என்றால் உயிர். அதைப் பழக்கியவனும் நான்தான். பாலத்துக்குப் பத்தடி முன்னால் குதிரை சடக்கென்று நின்றது, லுண்டுப் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான், அதன் பிறகு வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கிவிட்டது. பின்னால் வந்த நெற்றிச்சுட்டி என்ற குதிரை பாலத்தில் ஏறியது, அதன் பிறகு எல்லாக் குதிரைகளும் ஏறின. தோக்மேயின் குரல் மாறியது. "நெத்திச்சுட்டி பாலம் தாண்டிடுச்சு! விடுதலை எங்கப்பா? விடுதலை தெரியலையே!" என்றார். அதன் பிறகு, "ஜனங்களே, விடுதலை இன்னும் வரல!" என்றார். அங்கங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "விடுதலை பட்டாணி மேயுது!" என்றார். சிரிப்பு பெரிதாயிற்று. இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். அதன் பிறகு அவர் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். "ஐயையோ, அது என் வயல்! டேய் லுண்டுப், விடுதலையை என் நிலத்தை விட்டு வெளிய ஓட்டுடா!"

நாலாயிரம் பேரும் வெடித்தார்கள். பெண்கள் மேலங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் அதையே திரும்பக் கத்தினார்கள். கூடாரத்தில் மட்டும் யாரும் அசையவில்லை. தோக்மேக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன், மைக்கைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. அதன் பிறகு இரண்டு பேர் லாரியில் ஏறி அவரை இறக்கிக் கூட்டிப் போனார்கள். பரிசுத் துண்டு நெற்றிச்சுட்டியின் கழுத்தில் விழுந்ததை நான் பார்க்கவில்லை.

மேற்படி வயல் தோக்மேயுடையதுதானா என்று கேட்டார்கள். ஆம். மூன்று வரிசைப் பட்டாணி நாசம். நிலப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், அதில் அளந்து கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

அவர் இரட்டை அர்த்தத்தில் பேசினாரா என்று மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் ஒரே பதில்தான் சொன்னேன். அவர் மனதுக்குள் இருந்தது எனக்குத் தெரியும் என்றால் அது பொய். தெரியவே தெரியாது என்றால் பாதிப் பொய். குளிர்காலம் முழுக்க என் அடுப்படியில் உட்கார்ந்து அதைத்தான் பேசுகிறார், என் முகத்துக்கு நேராகப் பேசுகிறார். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் இருந்தது பட்டாணி, வாயில் இருந்தது குதிரை. தன் பயிர் அழிவதைப் பார்த்துக் கத்துகிற விவசாயிக்கு இலக்கணம் பார்க்க நேரம் இருக்காது.

அப்போது அதிகாரி, "பெரியவரே, நீங்க பழைய கட்சிக்காரர். உங்க குதிரையோட பேரைக் கெடுத்தவனுக்குப் போய் ஏன் பரிஞ்சு பேசறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பின்வருமாறு சொன்னேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது இதே மைதானத்தில் பந்தயம் நடந்தது. அப்போது ஊர் முழுக்கப் பண்ணைக்குச் சொந்தம், என் தகப்பனாரும் பண்ணைக்குச் சொந்தம், லாயத்தில் வேலை. காரியஸ்தர் ஒரு குதிரையில் ஓடினார், தகப்பனாரை வேறொரு குதிரையில் துணைக்கு ஓடச் சொன்னார்கள். தகப்பனாரின் குதிரை இரண்டு நீளம் முன்னால் வந்தது. நான் பார்த்தேன், ஊரே பார்த்தது. காரியஸ்தர் குதிரை முதலில் வந்ததாக அறிவித்தார்கள். தகப்பனார், "ஐயா, என்னோடதுல்ல வந்தது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு இருபத்தைந்து சவுக்கடி. அதன் பிறகு அவர் சாகும்வரை மல்லாந்து படுத்ததில்லை. விடுதலை என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இனிமேல் எந்தக் குதிரை வந்ததோ அந்தக் குதிரை வந்தது என்று சொல்லலாம். அதற்காகத்தான் கட்சியில் சேர்ந்தேன், அதற்காகத்தான் உத்திரமும் சுமந்தேன், அது சரியா தப்பா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை. என் குதிரை வரவில்லை. வரவில்லை என்று தோக்மே சொன்னார். அதற்காக அவரை உள்ளே வைப்பதென்றால், ஐயா, என் அப்பாவை அடித்தது மட்டும் எப்படித் தப்பாகும்? இதைச் சொல்லும்போது நான் மேசையைத் தட்டியது உண்மை. தேநீர்க் கோப்பை கவிழ்ந்ததற்கு வருந்துகிறேன்.

அதன் பிறகு அதிகாரி நனைந்த தாளைத் துடைத்தார். அதன் பிறகு, அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களின் பெயர்களையும் இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும் என்றார். "எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார்.

பதினான்கு வருடம் தலைவராக இருந்தவன். நாலாயிரம் பேரில் பாதிப் பேரின் பெயர், வீடு, நிலம், பிள்ளைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சிரித்தவர் எவரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், அது பொய்ச் சாட்சி ஆகும். ஆகவே, தலைகால் புரியாமல், கண்ணில் நீர் வரும் அளவுக்கு, மாவு மூட்டை மேலிருந்து விழும் அளவுக்குச் சிரித்ததாக நான் நிச்சயமாக அறிந்த ஒருவரின் பெயரைக் கீழே கொடுக்கிறேன்.

புர்பு வாங்டு, தகப்பனார் பெயர் ஜம்பா, வயது அறுபது, கட்சி உறுப்பினர்.

மேலே உள்ளதை எனக்கு எங்கள் மொழியில் வாசித்துக் காட்டினார்கள். என் வேண்டுகோளின்படி ஒன்பது இடங்களில் 'விடுதலை' என்பதற்குப் பின் 'என்ற குதிரை' என்று சேர்க்க முயன்று, இடம் போதாததால் விட்டுவிட்டார்கள். மற்றபடி சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. வேறு பெயர் எதுவும் சேர்ப்பதற்கில்லை.

(ஒப்பம்) புர்பு வாங்டு