மெல்ல முடியாது என்று எழுதிய தாள்

அவையை நெறிப்படுத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகக் குழுவினரே, இந்த முதியோர் இல்லத்தைத் தம் சிரிப்பால் வீடாக்கிய பெரியோரே, தாய்மார்களே, ஈரக்கையோடு வாசலில் நிற்கும் சமையற்கூடத் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்!

உங்கள் முன் ஒரு தீர்மானம். "மேல்மாடித் தையற்கார அம்மையார் தமது கவனக்குறைவால் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்." ஒரே வரி! கையைத் தூக்கினால் காரியம் முடிந்ததாம். முடிந்துவிடுமா? முடிய விடலாமா?

ஆவணங்களைப் படித்தேன். நான்காண்டுகளுக்கு முன் அம்மையார் இங்கே சேர்ந்த அன்று அவருடைய பல்செட் பழுதுபார்க்கப் போயிருந்தது. படிவம் கேட்டது: மெல்ல முடியுமா? எழுத்தர் எழுதினார்: முடியாது. அன்று அது உண்மை. ஐந்தாம் நாள் பல்செட் திரும்பி வந்தது. படிவம் திருந்தியதா? இல்லை! நான்காண்டு கஞ்சி! காலையும் கஞ்சி, மாலையும் கஞ்சி!

அம்மையார் தம்மிடம் கேட்டதாகச் சமையற்காரர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஏம்ப்பா, எனக்கும் அந்தக் கடலையில ரெண்டு கரண்டி போடேன்."

"உங்க தாள்ல கஞ்சின்னு இருக்கும்மா. நான் என்ன பண்ண?"

"தாளா மெல்லப் போகுது? நான்தானே மெல்லப் போறேன்!"

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துவிட்டுத்தான் கஞ்சியைக் குடித்தார்.

அந்தக் கஞ்சி எலும்புக்குப் போதுமா? எலும்பு என்றால் சுண்ணாம்புச்சத்து என்கிறோம். துத்தநாகம், அதாவது ஜிங்க் என்றால்? கூரைத் தகரம்தானே நினைவுக்கு வருகிறது? எனக்கும் அதுதான் வந்தது! எலும்பைக் கட்டும் உயிரணுக்களுக்கு அதுவும் வேண்டும் என்கிறது மருத்துவம். உடல் அதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. அன்றாடம் தட்டில் வந்தாக வேண்டும். இறைச்சியில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, கடலையில், பயற்றில் இருக்கிறது. வெறுங்கஞ்சியில் எவ்வளவு இருக்கும்?

என்ன ஐயா? "மாத்திரை குடுத்துட்டாப் போச்சு" என்கிறீர்களா? மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். அளவு மீறினால் அதுவும் கேடு. பல் உள்ளவருக்குப் பயறு தர மனம்தானே வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். துத்தநாகக் குறைவால்தான் எலும்பு முறிந்தது என்று நான் வாதிடவில்லை; அதற்குரிய சான்று என்னிடம் இல்லை. கவனக்குறைவால் முறிந்தது என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? வழுக்கியதை யார் கண்டார்? எவரைக் கேட்டீர்கள்? "வயசானா எலும்பு உடையத்தானே செய்யும்" என்றார் குழுவில் ஒருவர். முதுமை ஒரு குற்றமா? குற்றம்சாட்ட வேறு ஆளே அகப்படவில்லையா?

நாளை அம்மையார் மருத்துவமனையிலிருந்து திரும்புகிறார். முறிந்த எலும்பு ஒன்றுசேர வேண்டும். அவருக்காகக் காத்திருப்பது எது? அதே தாள்! அதே கஞ்சி!

அந்தப் படிவத்தை வரைந்தது யார் என்று பின்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார். அம்மா, நான்தான். இந்த இல்லத்தின் சட்ட ஆலோசகன். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சரிபார்த்தேன்; மாதம் ஒருமுறை மறுபடி கேட்க வேண்டும் என்ற ஒரு வரியை எழுத மறந்தேன்.

எனவே என் திருத்தத்தை முன்மொழிகிறேன். தீர்மானத்தில் "கவனக்குறைவு" என்ற சொல் இருக்கட்டும். அம்மையாரின் பெயரை அடியுங்கள். அங்கே நிர்வாகத்தின் பெயரை எழுதுங்கள். அதற்கும் முன்னால் என் பெயரை எழுதுங்கள்! நாளைக் காலை அவர் படுக்கையருகே போய், "அம்மா, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டு, புதுத் தாளை எழுதுங்கள்!

பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி. இந்தத் திருத்தத்தை ஏற்போர் கை உயர்த்துங்கள். வணக்கம்!