பதினோரு நிமிடத் தேடல்

ஒரு வலைத்தளத்தைத் திறந்ததும் பெரும்பாலானவர்களின் கண் முதலில் இடது மேல் மூலைக்குத்தான் போகும், ஐயா. வேண்டியது கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரம் தேடுவார்கள், அப்புறம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதைச் சொல்லித்தான் பதினான்கு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

அந்த இசைத் தளத்தை நடத்தும் அம்மாள் என்னைக் கூப்பிட்டதும் இதற்காகத்தான். புதுப் பாடகர்களின் பாட்டுகளை ஏற்றும் சின்னத் தளம். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த நிறம் கண்ணை உறுத்துகிறது, ஒரு பாட்டைத் தேடி வருகிறவர் வழி தவறாமல் போகிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். என் தம்பியின் பாட்டுகளும் அங்கே இருப்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அந்தத் தளத்துக்கு நான் வேலை செய்வது தம்பிக்கும் தெரியாது.

தம்பி வேலையை உதறிவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டவன். வீட்டில் அவன் பாட ஆரம்பித்தால் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நானும் பாடுவேன். அப்போது மிக்ஸி ஓடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஏழு பாட்டுகளை ஏற்றிய அன்று அவன் என்னிடம்தான் வந்து சொன்னான்.

"நூறு நாள் பாக்கறேண்ணா. ஆயிரம் பேராவது கேக்கலேன்னா எனக்குப் பாட்டு வரலேன்னு அர்த்தம். அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?"

பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அந்த அம்மாளுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அவன் பாட்டு எதையும் நான் அழிக்கவில்லை, ஐயா. பட்டியலை ஒழுங்குபடுத்தச் சொன்னேன், அவ்வளவுதான். அவனுடைய ஏழும் 'மற்றவை' என்ற பிரிவுக்குள் போயின. அது பக்கத்தின் அடியில், சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில் இருந்தது. தேடல் பெட்டியிலும் தலைப்பை ஓர் எழுத்து பிசகாமல் அடித்தால்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் காரணம் இருக்கிறது. படித்தால் நீங்களே சரி என்பீர்கள்.

செய்ததைச் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். தளத்தைப் பயன்படுத்திப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டுமே, அதற்கு ஒரு நர்ஸை வரவழைத்து, தம்பியின் பாட்டு ஒன்றை நானே போட்டுக் காட்டினேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அதே பாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பதினோரு நிமிடம் தேடினார்.

"இப்பதானே கேட்டேன், எங்க சார் போச்சு? எங்க வார்டுல தூக்கமே வராம ஒருத்தர் படுத்திருக்கார். அவருக்குப் போட்டுக் காட்டலாம்னு நெனச்சேன்."

கடிகாரத்தை நிறுத்தினேன். நல்ல வேலை செய்தால் ஒரு நிறைவு வருமே, அது வந்தது.

அதன் பிறகு எண்ணிக்கை நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. சாயங்காலமானால் தம்பி போனும் கையுமாக சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்காருவான். நான் தோளில் கைபோட்டு, கொஞ்சம் பொறுடா என்பேன். தொண்ணூறாம் நாள் வாக்கில் அவனே கேட்டான்.

"உனக்குத்தான் இந்த வேலை தெரியுமேண்ணா. அந்தத் தளத்தை ஒரு தரம் பாத்துச் சொல்லேன், தப்பு எங்க இருக்குன்னு."

அவன் எதிரிலேயே திறந்து, நிதானமாகப் பார்த்தேன்.

"தளத்துல ஒரு குறையும் இல்லடா."

"அப்ப குறை எங்கிட்டதான்," என்றான். நான் மறுத்துப் பேசவில்லை.

நூறாம் நாள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போனை வைத்துவிட்டு அவன் போய்விட்டான். அன்று மட்டும் தளத்தை இருநூற்றுப் பன்னிரண்டு முறை திறந்திருக்கிறான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பேச்சுக்குச் சொன்னான் என்று நினைத்ததாகச் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் மேல் எனக்கு உயிர்.

தளத்தைத் திறந்ததும் தானாக ஒலிக்கும் பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வேறு பெயரில் நான் பாடியது. கடைசி வாரத்தில் இடது மேல் மூலையில் வைக்கச் சொன்னேன். குரலை அவன் கண்டுகொண்டானா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு முறை என் பாட்டைக் கேட்டிருக்கிறான், ஐயா. ஒரு தடவைகூட மிக்ஸி ஓடவில்லை.