ஆலாத் திடலுக்குப் போகும் பாதை

ஆலாக் குருவி கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டுவிடும். தாய் எழும்பிப் போனால் ஆனி வெயிலில் கால் மணித்தியாலத்தில் முட்டை அவிந்துவிடும். முப்பது வருடம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், நாலு வருடமாக இந்தக் குருவிகளுக்குச் சும்மா காவல் இருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. யாராவது செய்யத்தானே வேண்டும்.

குருவிகள் இருப்பது பரவைக்கடலின் நடுவே ஒரு மணல்திடலில். கரையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போகலாம். பாதைக்கு வெளியே புதைசேறு. அதனால் கடற்றொழிலாளர் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்தவன் நட்ட கம்பில் அங்கே ஒருவரும் கை வைப்பதில்லை. கம்பைப் பார்ப்பார்களே தவிர, காலடியைப் பார்க்கமாட்டார்கள். எனக்குக் கம்பு தேவையில்லை, பாதை மனப்பாடம்.

ஆனி மாதத்தில் அந்தப் பக்கம் வலை வைப்பவர் செபநாயகம் ஒருவர்தான். விடிய வந்து, திடலைக் குறுக்கே கடந்து வலைக்குப் போவார். நல்ல மனிதர்; எனக்கு இறால் கொண்டுவந்து தருவார். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

"உந்தக் குருவியளுக்காக நான் சுத்திப் போக ஏலுமே, ஐயா? கால் பாத்துத்தான் வைக்கிறன்" என்றார்.

அன்று அவருடைய காலடித் தடத்தில் மூன்று முட்டைகள் நசிந்து கிடந்தன. ஒன்றுக்குள் குஞ்சு இன்னும் அசைந்தது.

பின்னேரம் நாலு கம்புகளைப் பிடுங்கி, மிதப்புப் பலகையில் படுத்தபடி சேற்றுப் பக்கமாகப் பன்னிரண்டு அடி தள்ளி நட்டேன். கோடு பிசகவில்லை, அது என் தொழில். கால் புதைந்தால் பயந்து திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடிய வந்த அவரால் திரும்ப முடியவில்லை. நெஞ்சுவரை இறங்கிய பிறகுதான் திடலின் மறுகரையில் இருந்த என்னைக் கண்டார்.

"ஐயா, கயிறு ஏதும் இருந்தால் எறியுங்கோ."

கயிறு பையில் இருந்தது. ஆனால் அவரிடம் போக அறுபது முட்டைக் குழிகளுக்கு நடுவே ஓட வேண்டும். அத்தனை தாய்க் குருவிகளும் எழும்பிவிடும். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவர் அதிக நேரம் கூப்பிடவில்லை. குருவிகளைக் குறித்துவைக்கும் கொப்பியில் திகதி போட்டு, 'தொந்தரவு இல்லை' என்று எழுதினேன்.

இரண்டாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. செத்த வீட்டுக்கும் போனேன். மனிதர் எப்படியோ கம்பைத் தவறவிட்டுவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. அவருடைய மனைவி அருமைநாயகி அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு நானும் மகளும் போய் வலையை எடுக்கப் போறம். நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் அங்கை நிக்கிறியள். கம்பு வழியாலை போனால் பயமில்லையே, ஐயா?"

பாவம், அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை தேவைப்பட்டது. குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாலு கம்பும் நான் நட்ட இடத்திலேயே நின்றன.

"ஓம் பிள்ளை" என்றேன். "கம்பைப் பாத்தே போங்கோ."