ஸ்டாண்ட் வைக்காத வண்டி

டீ ஆறினாலும் பரவாயில்லை சார், எனக்குச் சூடாகக் குடிக்கிற பழக்கம் இல்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

கார் மெக்கானிக் படிப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது வாத்தியார். பட்டறை என் பொறுப்பு. வண்டியைத் தயார் செய்வது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, யாரும் கையைக் காலை உடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். தொண்டை வற்றக் கத்துவேன். யார் காதிலும் ஏறாது.

ஒருநாள் ஒரு பையன் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனான். தடுக்க வாயெடுத்தேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. அவன் கன்னத்தைத் தடவினான், தோல் கையோடு வந்துவிட்டது. அப்புறம் அந்த வகுப்பில் ஒருவர்கூடச் சூடான மூடியில் கை வைக்கவில்லை. நான் காலமெல்லாம் கத்தியும் நடக்காதது, அவன் போட்ட ஒரே அலறலில் நடந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். "என்ன, இன்னிக்கு முகமே தெளிவா இருக்கு?" என்றாள் மனைவி. வேலை நல்லபடியாகப் போனது என்றேன்.

அடுத்தது ஒரு பெண். என்ஜின் பெல்ட்டில் கையை வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், ஒருநாள் அவள் விரல்கள் உள்ளே இருந்தபோது சாவியைத் திருப்பினேன். துண்டான விரல்களைப் பொறுக்கித் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதும் நான்தான். அங்கே அவளுடைய அப்பா என் தோளைத் தட்டி, நீங்க என்ன பண்ணுவீங்க என்று ஆறுதல் சொன்னார். இன்று அவளைப் போல் ஜாக்கிரதையாக வேலை பார்க்கிறவர் பட்டறையில் இல்லை. எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு விசில். வேலை பார்க்கும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். கெட்டிக்காரன். ஆனால் எல்லாவற்றிலும் அலட்சியம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, பக்கத்தில் வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அவன் கொடுக்கவே மாட்டான். நான்தான் ஓடிப்போய் அடியில் வைப்பேன். திட்டினால் சிரிப்பான். "நீங்க இருக்கீங்களேண்ணே, எனக்கென்ன பயம்?" என்பான்.

அன்றைக்கும் அப்படியே படுத்தான். மற்ற பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். ஜாக்கியின் கைப்பிடியை மெல்லத் திருகினால் வண்டி மெல்ல இறங்கும். நிறுத்தினால் நின்றுவிடும். மெல்லத்தான் திருகினேன். விசில் நின்றது.

"அண்ணே, வண்டி இறங்குது. ஸ்டாண்டை உள்ளே தள்ளுங்கண்ணே."

ஸ்டாண்ட் என் காலடியில்தான் கிடந்தது. அவன் பதறவில்லை. என் கை தவறிவிட்டது, நானே சரிசெய்துவிடுவேன் என்றே நினைத்திருக்கிறான். நெஞ்சில் பாரம் ஏறிய பிறகும் அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிட்டான். விலா எலும்புகள் காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தன. கால்கள் தரையை உதைத்தன, ஒரு ஷூ கழன்று விழுந்தது. உதைப்பது நின்ற பிறகும் திருகிக்கொண்டிருந்தேன், வண்டி அதற்குமேல் இறங்காது என்று தெரியும்வரை.

இனி எந்தப் பிள்ளையும் ஸ்டாண்ட் இல்லாமல் படுக்காது. அதற்காகத்தான் செய்தேன்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று செய்தவன், அவர்களை ஏன் வெளியே அனுப்பினேன், கதவை ஏன் தாழிட்டேன் என்கிறீர்கள்.

யாராவது உள்ளே வந்திருந்தால் பாதியில் நிறுத்த வேண்டியிருந்திருக்கும், சார்.