பேனா மூடியும் அணு உலையும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் ரசாயனக் கம்பெனி யூனிபார்மில் இருந்தார். பக்கத்தில் அவர் மச்சான், அணுமின் நிலையத்தில் வெல்டர். உட்கார்ந்ததும் மச்சான் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“ஒரு பேனா மூடிக்காக மொத்த வேலையும் நிறுத்திட்டாங்க மாமா.”

“அணு உலையிலயா?”

“உள்ள போறப்ப கையில இருக்கறத எல்லாம் எழுதிக்குவாங்க. வெளிய வர்றப்ப சரிபாக்கணும், எதுவும் உள்ள விழுந்து கெடக்கக் கூடாதுன்னு. அன்னிக்கி பேனா இருக்குது, மூடி இல்ல. நானே போயி சொல்லிட்டேன்.”

“வாய மூடிக்கினு வந்திருக்கலாமில்ல மச்சான்? வேல போயிருந்தா?”

“போயிடும்னுதான் நெனச்சேன். சாயங்காலம் வரைக்கும் அத்தன பேரும் தேடுனோம். நான் வெல்டு வச்சி மூட இருந்த பைப்புக்குள்ள கெடந்துது மாமா.”

“திட்டுனாங்களா?”

“ஒரு வார்த்த இல்ல. மறுநாள் எல்லார் முன்னாலயும் பெரிய ஆபீசர் கூப்ட்டு கையக் குடுத்தாரு. ‘நீ சொன்னதாலதான்யா தெரிஞ்சுது’ன்னாரு. ஊர்ல எல்லாரையும் மாதிரி நானும் உலைன்னா பயந்துகினுதான் சேந்தேன். அன்னிக்கிதான் நம்பிக்க வந்துது.”

புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா செல்போனை எடுத்தார்.

“சார், மூணாவது டேங்க் வால்வு கசியுது சார்... இல்ல சார், இன்னிக்கி இல்ல. நேத்தே பாத்துட்டேன்.”