வக்கீலம்மாவைத் தூக்குற விதம்

ஐயோ, இல்லக்கா, அப்படிக் கையை நீட்டாதீங்க. மேல இருந்து கை வந்தா முயல் பருந்து வருதுன்னு நெனச்சுக்கும். இது பொறந்ததுல இருந்து ஒரு பருந்தைக்கூடப் பாத்திருக்காது, ஆனா பயம் மட்டும் ரத்தத்துலயே இருக்கு போல. நீங்க முதல்ல உக்காருங்க. படியில இல்ல, தரையிலயே, கேட்டை ஒட்டி. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். காலையிலதான் படியெல்லாம் பெருக்கிட்டுப் போனாங்க, சுத்தமாத்தான் இருக்கும்.

கேட்டா? திறக்கலைன்னு தப்பா எடுத்துக்காதீங்கக்கா. திறந்தா ஒரே ஓட்டம், மூணு மாடியும் இறங்கி ரோட்டுல போய் நிக்கும். கம்பி வழியாவே மொதல்ல பழகட்டும்.

எண்ணெய்க் குப்பி கொண்டுவந்துட்டீங்களா? ரொம்ப தேங்க்ஸ். உங்க தையல் மெஷின் எண்ணெய்தானே? நல்லதாப் போச்சு. அங்கேயே ஓரமா வைங்க, அப்புறமா வாங்கிக்கறேன்.

பேரா? வக்கீலம்மா. சிரிக்காதீங்க, நீங்களே பாருங்க, உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்துல மட்டும் வெள்ளைப் பட்டை. ஒரே குறை, வாயைத் திறக்க மாட்டாங்க. இவங்களை நம்பி ஒரு கேஸ் குடுக்க முடியாது.

ஒன்றரை மாசக் குட்டியா வந்தா, இப்ப அஞ்சு முடியப் போகுது. அவர்தான் வாங்கிட்டு வந்தார். நான் வேலைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு நச்சரிச்சுக்கிட்டு இருந்தேன், அந்த வாரம். பகல்ல போரடிக்குதுன்னியே, இந்தா துணைன்னு மடியில போட்டார். நிஜமாவே போட்டார்க்கா, காதைப் பிடிச்சுத் தூக்கி. காதைப் பிடிச்சு மட்டும் எப்பவும் தூக்காதீங்க, என்ன?

நானும் ஒண்ணும் ஒழுங்கில்ல. ஆசை தாங்காம அன்னைக்கே துண்டுல சுத்தி நெஞ்சோட வெச்சுக்கிட்டேன். பயத்துல என் மேலயே ஒண்ணுக்குப் போயிட்டா. இறக்கி விட்டதும் பிரிட்ஜுக்கு அடியில போனவதான், மறுநாள் காலையிலதான் வந்தா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்னைப் பாத்தாலே நடுக்கம். அப்பதான் புரிஞ்சுது, நாம பிரியமாப் பிடிச்சாலும் அதுக்கு அது மாட்டிக்கிட்ட மாதிரிதான்.

என்ன பண்ணேனா? ஒண்ணும் பண்ணல. அதான் வித்தை. தரையில குப்புறப் படுத்துக்கிட்டு என் காலேஜ் நோட்டைப் படிச்சேன். அவளைப் பாக்கவே மாட்டேன். ஒருநாள், ரெண்டு நாள் இல்ல, எட்டு நாள். எட்டாவது நாள் மெதுவா வந்து நோட்டோட ஓரத்தைக் கடிச்சா. அப்புறம் தினம் ஒரு பக்கம். மூணு வருஷப் பொருளாதாரம் மொத்தமும் தின்னுட்டாக்கா. எனக்குத்தான் உதவல, அவளுக்காவது செரிச்சுது.

பாருங்க, பாருங்க, உங்களை மோந்து பாக்கறா. அசையாதீங்க. மூக்கு எவ்ளோ வேகமா ஆடுது பாத்தீங்களா? யாருன்னு யோசிக்கறா. உங்க வாசனை அவளுக்குத் தெரியும்க்கா. பத்து நாளைக்கு முன்னாடி நீங்க மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போறப்ப கூப்பிட்டு வெட்டுத் துணி கேட்டேனே, அது கூட்டுல போடத்தான். உங்க கைச்சூடு, இந்த எண்ணெய் வாசனை எல்லாம் அதுல இருக்கும்ல? தினம் அது மேலதான் தூங்கறா. மெஷின் சத்தமும் பழக்கம்தான். உங்க கூரைதானே எங்க தரை. நீங்க தைக்க ஆரம்பிச்சா இவ காதைத் தரையில வெச்சுப் படுத்துப்பா. நானும்தான்.

இப்ப ஒரு விரல். விரல் மட்டும், கீழ இருந்து. நெத்தியில, கண்ணுக்கு மேல, காதைப் பாத்து நீவுங்க. தாடைக்குக் கீழ வேண்டாம், பிடிக்காது. அப்படித்தான். கண்ணை மூடறா பாருங்க! லேசா பல்லைக் கடிக்கற மாதிரி ஒரு சத்தம் வருதா? சந்தோஷம்னா அப்படித்தான். நெறநெறன்னு பலமாக் கடிச்சா வலின்னு அர்த்தம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

சீப்பு இந்தப் பையில இருக்கு, இந்தாங்க. முடி கொட்டுற நேரத்துல தினமும் வாரணும். இல்லைன்னா நக்கி நக்கி முழுங்கிடுவா, வயித்துல அடைச்சுக்கும், இவங்களால வாந்தியும் எடுக்க முடியாது. முதுகுல ஆரம்பிங்க, வயித்துப் பக்கம் கடைசியில. குளிப்பாட்டவே கூடாது. நகம் மாசம் ஒருதடவை. வெள்ளை முயல்னா நகத்துக்குள்ள ரத்தம் ஓடறது தெரியும், இவளுக்கு நகமும் கறுப்பு. பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்து, நுனி மட்டும் வெட்டுங்க. நான் வெட்டறப்ப எப்படி இருப்பான்னு வீடியோ காட்டலாம்னா, போன் ரிப்பேர்ல இருக்கு. ஆமா, போன மாசமும் அதேதான் சொன்னேன். இன்னும் வரலக்கா.

அப்புறம் ஒண்ணு. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க. மொதல்லல்லாம் அவரோட பிரெண்ட்ஸ் வந்தா அதான் வேடிக்கை. மடியில மல்லாத்திப் போடுவார், இவ கால் கை ஆடாம அப்படியே கிடப்பா. எவ்ளோ சாது பாரு, எவ்ளோ சொகமாப் படுத்திருக்கு பாருன்னு எல்லாரும் சிரிப்பாங்க. அது சொகம் இல்லக்கா. தப்பிக்க வழியே இல்லைன்னு ஆனப்புறம் செத்த மாதிரி கிடக்கறது. மூச்சு மட்டும் படபடன்னு அடிக்கும். நான் டீத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், எங்க ரெண்டு பேரையும் சாதுன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க.

இருங்க! கேட்டுச்சா? டொம்முன்னு பின்னங்காலால தரையில அடிச்சா. வண்டிச் சத்தம். ஒரு நிமிஷம்... இல்ல, எதிர்வீட்டு வண்டி, அது நிக்காமப் போகுது. அவர் அஞ்சரைக்குத்தான் வருவார். இப்ப மணி என்ன? நாலரைதானா, சரி சரி. இல்லக்கா, எனக்கென்ன, வேர்க்குது, அவ்வளவுதான். வண்டி தெருமுனையில திரும்பறப்பவே இவ தட்டிடுவா. அதுக்குள்ள நான் எந்திரிச்சு முகம் கழுவிக்குவேன்.

நான் ரொம்பப் பேசறேன்ல? காலேஜ்ல என்னை ஊமைன்னுதான் கூப்பிடுவாங்க. இவ்ளோ சேந்தாப்புல பேசி எத்தனை நாளாச்சோ.

சரி, இப்ப கைமாத்தணும். ஒருவேளை வர மாட்டேன்னு அடம்பிடிச்சா... இல்ல, வந்துடுவா. வரணும். கீழ இந்தச் சதுர ஓட்டை இருக்குல்ல, பேப்பர் போடுறதுக்கு, இது வழியாத்தான். நுழைவாக்கா, அதெல்லாம் அளந்துட்டேன். ஒரு அட்டைப் பெட்டியில இதே அளவு ஓட்டை வெட்டி, மூணு வாரமாப் பழக்கியிருக்கேன். காதை முதுகோட சாய்ச்சு, பின்னங்காலை மடக்கிப் பிடிச்சா சரியா இருக்கும். போன வாரம் தாராளமாப் போனா, நேத்து கொஞ்சம் உரசுது. வளர்றாளே. அடுத்த மாசம்னா முடியாது, அதான் இன்னைக்கே வாங்கன்னு அவசரப்படுத்தினேன்.

திறந்தே குடுக்கலாம்தான். சாவி என்கிட்ட இல்லக்கா. காலையில போறப்ப வெளிய பூட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுவார். அந்தப் பக்கம் உங்க தலைக்கு மேல பூட்டு தொங்குதே, கவனிக்கலையா? தினமும்தான், கல்யாணமானதுல இருந்தே. முயல் ஓடிடும்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அவரும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றார்.

அழாதீங்கக்கா, ப்ளீஸ், நீங்க பதறினா அவளுக்குத் தெரிஞ்சுடும். மூச்சை இழுத்து விடுங்க. ஆங். ஒரு கை நெஞ்சுக்கு அடியில. இன்னொரு கை பின்பக்கம், அதுதான் முக்கியம், பின்னங்கால் தொங்கினா உதைப்பா, உதைக்கற வேகத்துல அவ முதுகெலும்பே முறிஞ்சிடும். நான் முழுசா விடமாட்டேன், நீங்க பிடிச்சதும் சொல்லுங்க. வாடி வக்கீலம்மா. காதை மடக்கு. அவ்வளவுதான், அவ்வளவுதான், தலை போயிடுச்சு... இடுப்பு... பிடிச்சுட்டீங்களா? நல்லா? விட்டுடவா?

விட்டுட்டேன்.

உங்க வயித்தோட அணைச்சுக்கோங்க. முகத்தை உங்க முழங்கை இடுக்குல ஒளிச்சுக்கறா பாருங்க. அது நல்லது. உதைக்கவே இல்லையே! நல்ல பொண்ணு. இல்லக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல.

கூட்டுல கறுப்புத் துண்டு ஒண்ணு சுருட்டி வெச்சிருக்கேன். அவர் எட்டிப் பாக்கறதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு, ராத்திரிக்கு அது போதும். நீ எங்க வேணா போ, ஆனா நீ போன அன்னைக்கே இது கழுத்தை நெரிச்சு வெளிய வீசுவேன்னு ஒருதடவை சொல்லியிருக்கார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னதை எல்லாம் செஞ்சிருக்கார்க்கா. நான் இவளைத் தூக்கிட்டு ஓடவும் முடியாது. படியில ஓடறப்ப இவ துள்ளினா ரெண்டு பேரும் போயிடுவோம்.

சரி, நேரமாச்சு, கீழ போங்க. கதவைச் சாத்திட்டு மெஷினைப் போடுங்க, தூங்கிடுவா. ஆங், மறந்தே போயிட்டேன், அந்த எண்ணெய்க் குப்பியை அப்படியே ஓட்டை வழியா உள்ள உருட்டி விடுங்க. கூட்டுக் கதவுக்கா? இல்லக்கா, அது சத்தமே போடாது. இந்த கேட் கீலுக்கு. காலையில குப்பை வெக்கத் திறந்தார்னா குளிச்சு முடிக்கற வரைக்கும் சாவி பூட்டுலயே தொங்கும். பதினோரு நிமிஷம். கேட்டுதான் பாழாப்போனது, தொட்டாலே கத்தும்.