ஒன்பது விநாடி

உங்கள் ஊர் ரொட்டி எங்கள் ஊர் ரொட்டியைவிட நன்றாக இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மேடம். மற்றதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. இந்த விசாரணைக்கு நீங்கள் அழைத்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் நெதர்லாந்துக்காரர் என்பது நல்லதாயிற்று. அவரும் எங்கள் ஊர்க் கச்சேரிகளுக்குப் போய் அவதிப்பட்டிருப்பார்.

எங்கள் மக்கள் நல்லவர்கள். சொன்ன நேரத்துக்கு வருவார்கள், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார்கள். கச்சேரி தொடங்கியதும் பேச ஆரம்பிப்பார்கள், அது ஒன்றுதான் குறை. மாதக்கணக்கில் காத்திருந்து டிக்கெட் வாங்கி, மழையில் சைக்கிள் மிதித்து வந்து, மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சமையலறைக்கு என்ன ஓடு பதிக்கலாம் என்று விவாதிப்பார்கள். பேசாதீர்கள் என்று பாடகர்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கெஞ்சியதைப் பற்றியும் பேசுவார்கள்.

யூர்யன் என் நண்பன். க்ரோனிங்கனில் கல்லூரி விடுதியில் ஒரே அறை, பதினொரு வருடப் பழக்கம். என் மீது அவனுக்குப் பிரியம் அதிகம். எந்தக் கச்சேரிக்கும் என்னைத் தனியாக விட்டதில்லை.

தூர்ஹில்ட் என்ற நார்வே பாடகியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவளுடைய பாட்டு ஒன்றில், இரண்டாவது சரணம் முடிந்ததும் கிதாரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒன்பது விநாடி சும்மா நிற்பாள். பிறகு கடைசி வரியைப் பாடுவாள். இசைத்தட்டிலும் அந்த ஒன்பது விநாடி உண்டு. ஆனால் தட்டில் இருப்பது வெறும் சத்தமில்லாமை. ஆயிரம் பேர் சேர்ந்து மூச்சை அடக்கி நிற்கும்போது வருவது வேறு. அதை ஒரே ஒரு முறை கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் முறை, மூன்றாவது விநாடியில் யூர்யன் தன் துணி துவைக்கும் இயந்திரம் ஆடுவதைப் பற்றிச் சொன்னான். இரண்டாம் முறை, உத்ரெக்ட் அரங்கில், அவனுடைய புது சைக்கிள் பூட்டு. மூன்றாம் முறை அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். பக்கத்திலிருந்த ஒருவர் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டார். இவனுக்கு வழி தெரிந்திருந்தது.

இந்த வருடத்தோடு பாடுவதை நிறுத்துவதாகத் தூர்ஹில்ட் அறிவித்தாள். கடைசி நிகழ்ச்சி உங்கள் ஊர்க் கோடை இசைவிழாவில், மாலை நான்கு மணிக்கு. என் பிறந்தநாளுக்கு யூர்யன் ஒரு உறையைக் கொடுத்தான். உள்ளே இரண்டு டிக்கெட்.

“பிரெஞ்சுக்காரங்க கச்சேரியில வாயே திறக்க மாட்டாங்களாம்டா. உனக்காகத்தான் தேடிப் பிடிச்சேன். சந்தோஷமா?”

சந்தோஷம் என்றேன். இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று கேட்கவில்லை.

ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். கார் அவனுடையது. வேர்க்கடலை வெண்ணெய் நான்கு டப்பா, பாலாடைக்கட்டி ஒரு வட்டம், கூடாரம், அவன் பேச்சு. பெல்ஜியம் முடியும்வரை மழைநீர்க் குழாய்களைப் பற்றிச் சொன்னான். லியோனைத் தாண்டும்போதும் குழாய் முடிந்திருக்கவில்லை.

மைதானத்தில் அன்று முப்பத்தெட்டு டிகிரி. மூன்று மணிக்கு அவனிடம் மரியாதையாகவே கேட்டேன்.

“இன்னிக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், பேசாம இருப்பியா?”

“இருக்கேன்டா. சத்தியமா.” கொஞ்ச நேரம் இருந்தான். “அந்த மேளக்காரன் சட்டையைப் பாத்தியா? எங்க சித்தப்பா கேரவன்ல அதே துணியிலதான் திரை.”

“யூர்யன்.”

“இது பேச்சு இல்லடா. தகவல்.”

நான் கத்தவில்லை, மேடம். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூடக் கத்தியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் அவனுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. தனியாகப் போனால் போரடிக்கும் என்று என்னையும் கூட்டிப்போனான். வேலி ஓரமாகப் பிளாஸ்டிக் கழிப்பறைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைசிப் பெட்டிக்கு வரிசை இல்லை. முழு வெயிலும் அதன் மேல்தான் இருந்தது. அதை அவனாகத்தான் தேர்ந்தெடுத்தான். போன வருடம் யாருடைய போனோ குழிக்குள் விழுந்ததாம். தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அந்தக் கதவுகளில் வெளிப்பக்கம் பூட்டு மாட்ட இரண்டு வளையங்கள் இருக்கின்றன. என் பையில் கூடாரக் கயிறு இருந்தது. இரண்டும் தற்செயல். முடிச்சு மட்டும் தற்செயல் இல்லை. அது என் அப்பா படகுக்குப் போடும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பக்கத்துப் பெட்டியில் ‘பழுது’ என்று ஒரு அட்டை தொங்கியது. அதை எடுத்து இங்கே மாட்டினேன்.

“டேய், கதவு மாட்டிக்கிச்சு.”

“இருடா, ஆளைக் கூட்டிட்டு வரேன்.”

“சீக்கிரம் வா, அடுப்பு மாதிரி இருக்கு. டேய், இங்க ஒருத்தன் சுவத்துல என்ன எழுதியிருக்கான் தெரியுமா? கேளேன்—”

அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் கிளம்பினேன். மற்றப் பெட்டிகளுக்கான வரிசையில் நின்ற ஒரு பெண் நிறுத்தினாள். “உள்ள யாரோ தட்டறாங்களே?” என்றாள். “எங்க ஊர்க்காரன்தான். தாளம் போடறான்” என்றேன். அவள் சிரித்தாள். அவளோடு வந்தவர்கள் அவன் தட்டலுக்கு ஏற்பக் கைதட்டினார்கள். உங்கள் மக்களுக்கு நல்ல தாள ஞானம்.

என் திட்டத்தில் குறை எதுவும் இல்லை. நிகழ்ச்சி ஐம்பது நிமிடம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஐம்பது நிமிடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. வியர்க்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டைப் பாடாமலே தூர்ஹில்ட் வணக்கம் சொல்லி உள்ளே போய்விட்டாள். கூட்டம் விடவில்லை. திரும்பி வந்தாள், எல்லோருக்கும் நன்றி சொன்னாள், வேறு மூன்று பாட்டு பாடினாள். அதற்குப் பிறகுதான் அதைத் தொடங்கினாள். அப்போது அவன் உள்ளே போய் ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அட்டவணையை மதிக்காதது நான் இல்லை. அந்தக் கட்டத்தில் கிளம்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் கச்சேரிகளுக்குப் போகிறவர் இல்லை என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் நேராகப் போனேன். இல்லை, வழியில் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் வாங்கினேன், அவனுக்காக. அங்கே வரிசை நீளம். முடிச்சு அவிழவில்லை, ஒரு தொண்டர் கத்தியால் அறுத்தார். கதவு திறந்ததும் அவன் எங்கள் மேல் சாய்ந்தான். மருத்துவர் வந்து உயிர் இல்லை என்று சொன்னபோது தண்ணீர் பாட்டில் இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது.

காலையில் ஒரு கேள்வி கேட்டீர்கள். மைதானத்தில் நின்றபோது கழிப்பறைப் பக்கமிருந்து ஏதாவது கேட்டதா என்று. இல்லை என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

அவள் கிதாரிலிருந்து கையை எடுத்தாள். உண்மையிலேயே ஒருவரும் பேசவில்லை, மேடம். ஒரு குழந்தைகூட. முதல் விநாடி, இரண்டாவது, மூன்றாவது. நான் பதினொரு வருடமாகத் தேடியது அதுதான். நான்காவது விநாடியில், நூறடி பின்னால், ஒரு தட்டல். பலமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுவதுபோல. பிறகு இன்னொன்று. சுற்றிலும் தலைகள் திரும்பின. தொப்பி போட்ட ஒரு அம்மாள் வேலிப்பக்கம் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

நானும் திரும்பினேன். “உஷ்” என்றேன்.

தட்டல் நின்றது. மீதி விநாடிகள் சுத்தமாக இருந்தன. அவனுக்கு அது கேட்டிருக்கிறது, மேடம். நான் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.